வரிசையறிதல்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் கூறிய அறிவுரையொன்று புறநானூற்றில் உளது. பரிசில் நாடி வருவார்க்கு வாரி வழங்குதல் எளிது. அவருள் யாவர் எத்தகுதியர் எனத் தேர்ந்து, அதற்கேற்ப வழங்குதலே அரிது. ஆதலின் புலவரைப் பொதுவாக நோக்குதல் தகாது என்பது அவ்வுரையின் கருத்து. இவ்வாறு தகுதி தேர்தலையே அந்நாளில் ‘வரிசையறிதல்’ என்றனர். மணவீட்டிற்குத் தாய்மாமன் கொண்டுவரும் சீரை இன்றும் ‘வரிசை’ என வழங்குகின்றோமாதலின், உரியார்க்கு உரிய சிறப்பு என்னும் அப்பழம்பொருள் முற்றும் மறைந்திலது.

ஆயின், இக்காலத்துச் சிறுவன் ஒருவனை ‘வரிசையாவது யாது?’ என வினவின், ஒருவர்பின் ஒருவராக நிற்றலே என்பான். இவ்வரிசையில் குலமும் செல்வமும் கல்வியும் பதவியும் எண்ணப்படா. முன் வந்தார் முன்னும், பின் வந்தார் பின்னும் நிற்றலே நெறி. அரசவையில் குற்றமெனப்பட்ட பொதுநோக்கு, அங்காடியில் அறமாயிற்று. ஒரே சொல் இருவேறு நெறிகளைச் சுட்டி நிற்றலின், கடைவரிசையில் நிற்பார்க்குரிய ஒழுக்கம் யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மளிகைக்கடையில் வணிகர் உள்ளே நிற்பார். வாங்குவோர் வெளியே கூடி நிற்பர். வேண்டும் பொருளைச் சொல்ல, அவர் நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார். ஆண்டு முந்துவார் யார்? குரல் ஓங்கியவரும், கடைக்காரர்க்கு அறிமுகமானவரும், ஊரில் பெரியவர் எனப்படுவாருமே. நாட்கூலி பெற்று அரைக்கிலோ அரிசிக்கு வந்த தாய் பையை நீட்டியபடியே நிற்றலை இன்றும் காண்கின்றோம். அமெரிக்க நாட்டு மெம்பிஸ் நகரில் 1916ஆம் ஆண்டு கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்னும் கடையைத் திறந்து, வாங்குவோர் தாமே பொருள்களை எடுத்துக்கொண்டு, வெளியேறும் வழியில் பணம் செலுத்தும் முறையை அமைத்தார். எடுப்பது பல இடத்தும் கொடுப்பது ஓரிடத்தும் ஆகவே, அவ்வோரிடத்தில் மக்கள் நிரலாக நிற்க வேண்டியதாயிற்று. 1974 ஜூன் 26ஆம் நாள் ஓஹையோ மாகாணத்து டிராய் நகரக் கடையொன்றில், பொருளின்மேல் அச்சிட்ட பட்டைக் குறியீட்டைக் கருவி முதன்முதலாகப் படித்து விலை காட்டிற்று. கருவி விரைந்தது, வரிசை ஒழிந்திலது. நம் நகரத்துப் பல்பொருள் அங்காடிகளிலும், ‘பில் கவுண்டர்’ என வழங்கும் மேசைமுன் மாலைதோறும் அது நீண்டு கிடத்தல் கண்கூடு.

இது கொண்டு வரிசை மேல்நாட்டார் தந்த பாடமே என்று எண்ணுதல் பொருந்தாது. ரேஷன் கடைவாயிலில், கதவு திறக்குமுன்னரே பைகளும் கற்களும் நிரலாக வைக்கப்பட்டிருத்தலைக் காணாதார் யார்? உடையவர் வீட்டுவேலையை நோக்கச் சென்றிருப்பர். அவர் வைத்த பை அவர்க்காக நிற்கும். ஒரு கல்லை நகர்த்தி முன்செல்ல எளிதில் எவரும் துணியார். துணியின், அங்குள்ளார் அனைவரும் கேட்பர். ஆயின், ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது: ஒரு பை ஓரிடத்திற்கே உரியது, ஒரு பையைக் காட்டி ஐவர் நுழைதலை அவ்வரிசை பொறுக்காது.

இதனை அறிந்திருந்தும் யாம் பிழைத்தோம். சென்ற ஆண்டு டிசம்பர்த் திங்களில், விடுமுறைக்கு முன்னாள் மாலை, விடுதித் தோழர் ஐவர் ஓர் அங்காடிக்குச் சென்றோம். ஒருவர் பிஸ்கட் பொட்டலம் ஒன்றுடன் வரிசையில் நிற்க, ஏனையோர் பொருள் தேடி உலவினோம். அவர் மேசையை அணுகிய பொழுது, நால்வரும் நிறைந்த கூடைகளுடன் வந்து அவரோடு கூடிக்கொண்டோம். எமக்குப் பின்னே ஒரு மூதாட்டியார் பால்பொடி டின் ஒன்றை மட்டும் கையிற்கொண்டு நின்றார், எம்மை நோக்கினார், யாதும் கூறிலர். நகைத்துப் பேசியவாறே பில் ஐந்தும் முடித்து வெளிப்போந்து, எதிரே தேநீர் அருந்தினோம். பின்னர்ப் பேருந்து நிறுத்தத்திற்குச் சென்றபோது, அவர் விரைந்து வந்து, “தம்பிகளா, ஆறரை மணி பஸ் போய்விட்டதா?” என்று வினவினார். யாம் தேநீர்க் கடையில் நின்றபோதே அது எம் கண்முன் சென்றது. “போய்விட்டது, பாட்டி” என்றோம். அடுத்தது வர ஒன்றரை மணி நேரம் ஆகும். “பிள்ளை பாலுக்கு அழுமே” என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டு, டின்னை மடியில் வைத்து ஒரு கல்லின்மேல் அமர்ந்தார். எம்மை அவர் குறை கூறவில்லை. கூறியிருப்பின் எமக்கு ஒருவாறு ஆறுதலாய் இருந்திருக்கும்.

அன்றிரவு யாம் எண்ணிப் பார்த்தது இது. ஒருவர்க்குப் பில் போட இரண்டு நிமிடம் ஆகுமெனக் கொள்வாம். வரிசையில் நிற்கும் ஒருவர் தம் நண்பரைத் தமக்குமுன் புகவிடின், தாம் இழப்பது இரண்டு நிமிடம். அவர்க்குப் பின்னே பதின்மர் நின்றால், அவருள் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் இழப்பர். ஆக இழப்பு 22 நிமிடங்கள். அவற்றுள் கொடுத்தவர்க்குரியன இரண்டே. ஏனைய இருபதும் பிறர் பொருள். பிறர் பொருளை எடுத்து வழங்குதல் ஈகையாமோ? திருமுடிக்காரி தன் பொருளையன்றோ ஈந்தான்! ஆதலின், பிறர்க்கு இடங்கொடுக்க விழைவார் செய்யத்தக்கன இரண்டு: பின்னிற்பாரைக் கேட்டு அவர்தம் இசைவு பெறுதல் ஒன்று, வந்தவரைத் தம் இடத்தில் நிறுத்தித் தாம் வரிசையின் இறுதிக்குச் செல்லுதல் மற்றொன்று.

இனி, அனைவரும் சமமெனின், முதியோர்க்கும் நோயுற்றார்க்கும் கைக்குழந்தையுடையார்க்கும் வழிவிடுதல் முறையன்றோ எனின், முறையே. அவர் கேட்குமுன் நாமே பின்னிற்பாரை நோக்கி, “இவர் முன்னே செல்லட்டுமா?” என்று வினவுதல் சாலச் சிறந்தது. கேட்பவரும் காரணத்தை மெய்யாகக் கூறுதல் வேண்டும். 1978இல் எல்லென் லாங்கர் என்னும் உளநூல் அறிஞரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. படியெடுக்கும் கருவியருகே நின்றாரிடம், ஐந்து பக்கங்களுக்காக முந்திச்செல்ல இசைவு கேட்டனர். காரணம் கூறாது கேட்டபோது நூற்றுக்கு 60 பேர் இசைந்தனர். அவசரம் என்று கூறியபோது 94 பேர் இசைந்தனர். படியெடுக்க வேண்டியிருக்கிறது என்று வெறுங்காரணம் கூறியபோதும் 93 பேர் இசைந்தனர்! மக்கள் நெஞ்சம் இவ்வளவு எளிதில் இரங்குமாயின், பொய்க்காரணம் கூறி அதனை ஏமாற்றுதல் எத்துணைச் சிறுமை!

ஏனைய கடமைகள் சிறியன; சுருங்கக் கூறுதும். நம் முறை வருமுன்னரே பணத்தையோ கைபேசியையோ ஆயத்தமாகக் கொள்ளல் வேண்டும். மேசையை அடைந்தபின் மறந்த பொருளை நினைந்து ஓடுதல் ஆகாது. முன்னிற்பாரைக் கூடையால் இடித்தலும், தோள்மேல் எட்டிப் பார்த்தலும் தவிர்க்கத்தக்கன. புதிய மேசையொன்று திறக்கப்படின், கடைசியில் நின்றவர் ஓடிச்சென்று முதல்வராதல் அழகன்று. நெடுநேரம் நின்றாரை முற்செல்ல விடுதலே நேர்மை. காலைமுதல் நின்றுகொண்டே பில் போடும் தங்கையின் முகம் நோக்கி ஓர் இன்சொல் கூறுதலும், தாமதத்திற்காக அவரைச் சினவாமையும் வேண்டும். வரிசையை நீட்டியவர் அவரல்லர்.

ஒருவர் முறைதவறி நுழையின் யாது செய்வது? ஸ்டான்லி மில்கிராம் என்பாரும் அவர்தம் துணைவரும் நியூயார்க் நகரில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே இடைநுழைந்து ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி 1986இல் வெளிவந்தது. நுழைந்த இடத்திற்குப் பின்னே நின்றவரே, அவருள்ளும் அடுத்து நின்றவரே, பெரும்பாலும் மறுத்துரைத்தனர் என்பது அதனால் விளங்கிற்று. ஆனால், அடுத்து நிற்பவர் பேசவியலாத மூதாட்டியாராயின், அவர்க்காகப் பேசுதல் யார் கடன்? முன்னிற்பார்க்கு இழப்பின்மையின், அவர் சொல்லே வலியுடைத்து. “ஐயா, வரிசை அங்கே முடிகிறது” என்று தணிந்த குரலிற் கூறின் போதும்.

‘கடை’ என்னும் சொற்கு அங்காடி என்பதும் இறுதி என்பதும் பொருளாம். கடைக்குச் செல்வார் கடையில் நிற்கவும் கற்றல் வேண்டும். பிறர் காலத்தைப் பொதுவாக நோக்கி மதித்தலும், தம் காலத்தை ஒருவர்தம் தேவையறிந்து ஈதலும் ஆகிய இரண்டும் கூடியதே இந்நாளைய வரிசையறிதல் என்பது எம் கருத்து. அப்பாட்டியாரை யாம் மீண்டும் கண்டிலோம். எனினும், கூடையுடன் வரிசையில் நிற்குந்தோறும் ஒருமுறை பின்னே திரும்பிப் பார்க்கின்றோம்.