25 வருஷம் பண்ணையில உழைச்ச மனைவிக்கு ஏன் பங்கு கிடைக்கல? உழைப்புக்கும் உரிமைக்கும் நடுவுல இருக்குற ஒரு காகிதம்



இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க குடும்பத்துல நிலமோ, கடையோ, மாட்டுப் பண்ணையோ இருக்கு. கணவன், மனைவி ரெண்டு பேருமே அதுல உழைக்கிறீங்க. அந்தச் சொத்து யார் பேர்ல இருக்கு?

"நம்ம சொத்துதானே, யார் பேர்ல இருந்தா என்ன?" நிறைய வீடுகள்ல இதுதான் பதில். குடும்பம் ஒத்துமையா இருக்குற வரைக்கும் இதுல ஒரு பிரச்சனையும் தெரியாது. ஆனா இதே பதிலை நம்பி வாழ்ந்த ஒரு பண்ணை மனைவியோட வழக்கு, ஒரு நாட்டோட சட்டத்தையே மாத்துச்சு. அந்தக் கதையில இருக்குற பணப் பாடத்தைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

பண்ணை மனைவியின் ஒரு நாள்

கனடாவின் மேற்குப் பகுதியில ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான், மனிடோபான்னு மூணு மாகாணங்கள் இருக்கு. கண்ணுக்கு எட்டின வரைக்கும் கோதுமை வயலும் புல்வெளியும்தான். அங்க நிலத்தை 160 ஏக்கர் சதுரங்களா அளந்து பிரிச்சாங்க. ஒவ்வொரு பண்ணையும் அவ்வளவு பெருசுங்கிறதால பக்கத்து வீடே ரொம்ப தூரத்துல இருக்கும். குளிர்காலம் மாசக்கணக்குல நீளும்.

போன நூற்றாண்டுல இங்க வாழ்ந்த ஒரு பண்ணை மனைவியோட வேலைப் பட்டியலைப் பாருங்க. விடியக்காலையில பால் கறக்கணும், கோழிக்குத் தீனி போடணும். காய்கறித் தோட்டம் போட்டு, விளைஞ்சதைக் குளிர்காலத்துக்காகக் கண்ணாடி ஜாடியில பதப்படுத்தி வைக்கணும். அறுவடை நேரத்துல கூலி ஆட்கள் அத்தனை பேருக்கும் சமைக்கணும். தேவைப்பட்டா டிராக்டரும் ஓட்டணும். பண்ணைக் கணக்கு எழுதுறதும் பல வீடுகள்ல அவங்க வேலைதான்.

இதுல பண விஷயம் ஒண்ணு இருக்கு, கவனிங்க. முட்டை, வெண்ணெய், பாலேடு வித்து வர்ற காசு மனைவி கையில இருக்கும். வீட்டு மளிகை, பிள்ளைங்க செருப்பு, துணிமணி எல்லாம் பெரும்பாலும் அந்தக் காசுலதான் வாங்குவாங்க. கோதுமை வித்த பணம், மாடு வித்த பணம் கணவர் பேர்ல வரும். அது நிலம் வாங்கவும் மெஷின் வாங்கவும் போகும்.

புரியுதா? ரெண்டு பேரும்தான் சம்பாதிக்கிறாங்க. ஆனா அவங்க காசு சாப்பாடா மாறி அந்த மாசமே தீர்ந்துடும். அவர் காசு சொத்தா மாறி வளரும். மனைவி மளிகையைப் பார்த்துக்கிட்டதாலதான் கணவர் பணத்தை நிலத்துல போட முடிஞ்சது. ஆனா பத்திரத்துல அந்த விவரம் எங்கேயும் இருக்காது.

ஆரம்பத்துலயே சாய்ஞ்ச தராசு

இது வெறும் வீட்டுப் பழக்கம் மட்டும் இல்லை, சட்டமும் அப்படித்தான் இருந்துச்சு. 1872ல் வந்த கனடாவின் நிலச் சட்டப்படி, 10 டாலர் பதிவுக் கட்டணம் கட்டி, அங்கேயே குடியிருந்து உழுது காட்டினா 160 ஏக்கர் கிடைக்கும். ஆனா குழந்தைகளை வச்சிருக்குற விதவை மாதிரி, தானே குடும்பத் தலைவியா இருந்தாதான் ஒரு பெண்ணால விண்ணப்பிக்க முடியும். கணவரோட வாழுற மனைவிக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

கணவரோட நிலத்துல மனைவிக்கு இருந்த பழைய விதவை உரிமையையும் 1886ல் அந்தப் பகுதியில ஒழிச்சுட்டாங்க. பெண்கள் அமைப்புகள் போராடின பிறகு, 1917ல் ஆல்பர்ட்டாவுல ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. குடியிருக்குற வீட்டையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் மனைவி சம்மதம் இல்லாம விக்க முடியாது. கணவர் இறந்தா, ஆயுள் வரைக்கும் அங்க இருக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பாதுகாப்பு அதிகபட்சம் 160 ஏக்கருக்குத்தான். அதுக்கு மேல சேர்த்த நிலத்துக்கு இல்லை.

ஐரீன் மர்டாக் வழக்கு

இப்போ முக்கியமான கதைக்கு வருவோம். ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த ஐரீன் மர்டாக்குக்கு 1943ல் கல்யாணம் ஆச்சு. முதல் சில வருஷம் கணவன், மனைவி ரெண்டு பேரும் மத்தவங்க பண்ணைகள்ல ஜோடியா வேலை பார்த்தாங்க. அப்புறம் சொந்தமா இடம் வாங்கி, அதை வித்து அடுத்ததுன்னு வளர்ந்தாங்க. கடைசியில ஒரு பெரிய மாட்டுப் பண்ணை. எல்லாம் கணவர் பேர்ல.

கணவர் வருஷத்துல அஞ்சு மாசம் வெளிவேலைக்குப் போயிடுவார். அப்போ பண்ணையை ஐரீன்தான் பார்த்துக்கிட்டாங்க. வைக்கோல் அறுக்கிறது, லாரி ஓட்டுறது, குதிரையைப் பழக்குறது, மாட்டுக்குத் தடுப்பூசி, சூட்டுக்குறி போடுறது எல்லாமே. 1968ல் ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க. சொத்துல பங்கு கேட்டு ஐரீன் கோர்ட்டுக்குப் போனாங்க.

கீழ்க் கோர்ட் நீதிபதி சொன்னதோட சாரம் இதுதான்: இந்த வேலையெல்லாம் எந்தப் பண்ணை மனைவியும் சாதாரணமா செய்யுறதுதான். 1973 அக்டோபர்ல கனடா சுப்ரீம் கோர்ட்டும் 4-க்கு 1ன்னு அதை உறுதி செஞ்சுது. சொத்து வாங்க ஐரீன் பணம் போட்டது நிரூபணமாகல, பங்கு உண்டுன்னு ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தமும் இல்லை. அதனால பங்கு கிடையாது. நீதிபதி போரா லாஸ்கின் மட்டும் மாறுபட்டார். இவ்வளவு உழைப்பைச் சாதாரண வீட்டு வேலைன்னு ஒதுக்க முடியாது, பங்கு கொடுக்கணும்னு எழுதினார்.

பிற்பாடு ஐரீனுக்கு ஜீவனாம்சமா மொத்தமா 65,000 டாலர் கிடைச்சது. ஆனா அது பங்கு இல்லை. ஜீவனாம்சம்ங்கிறது தேவையைப் பார்த்துக் கொடுக்குறது. பங்குங்கிறது நம்ம உரிமை. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்காதீங்க.

அதுக்கப்புறம் என்ன மாறுச்சு?

இந்தத் தீர்ப்பைக் கேட்டு நாடு முழுக்கப் பெண்கள் கொதிச்சுப் போனாங்க. மாகாணம் மாகாணமா சட்டம் மாற ஆரம்பிச்சது. ஆல்பர்ட்டாவின் கல்யாணச் சொத்துச் சட்டம் 1979 ஜனவரி 1ல் அமலுக்கு வந்துச்சு.

அதுக்கு முன்னாடியே 1978ல், சஸ்காட்சுவானைச் சேர்ந்த இன்னொரு பண்ணை மனைவி ஹெலன் ராத்வெல் சுப்ரீம் கோர்ட்ல பாதி சொத்தை ஜெயிச்சாங்க. அங்கேயும் நிலம் கணவர் பேர்லதான் இருந்துச்சு. ஆனா ஒரு வித்தியாசம்: ரெண்டு பேருக்கும் ஒரே ஜாயின்ட் பேங்க் அக்கவுன்ட். நிலம் வாங்கின பணம் அதுல இருந்து போயிருந்தது. உழைப்பு ரெண்டு பெண்களுக்கும் ஒண்ணுதான். ஹெலன் பக்கம் பேச ஒரு பேங்க் பதிவும் இருந்துச்சு.

வரி விஷயத்துலயும் ஒரு அடி இருந்தது. கம்பெனியா பதிவு செய்யாத பண்ணையில மனைவிக்குக் கொடுக்குற சம்பளத்தை, 1980க்கு முன்னாடி வரைக்கும் செலவுக் கணக்குல காட்ட முடியாது. அதனால யாரும் சம்பளம் போடல. 1966ல் ஆரம்பிச்ச கனடா ஓய்வூதியத் திட்டத்துல, சம்பாத்தியக் கணக்கு இருந்தாதான் பணம் சேரும். சம்பளம் இல்லாத மனைவி பேர்ல அங்க ஒண்ணும் சேரல.

நமக்கு என்ன பாடம்?

இந்தியாவுலயும் பொதுவா யார் பேர்ல சொத்து இருக்கோ அவங்களுக்குத்தான் சொந்தம். விவாகரத்துன்னா தானா பாதி கிடைக்கும்னு நம்மகிட்ட பொதுச் சட்டம் இல்லை. 2023 ஜூன்ல ஒரு வழக்குல, வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவிக்கும் சில சொத்துகள்ல சம பங்கு உண்டுன்னு மெட்ராஸ் ஐகோர்ட் சொன்னது பெரிய விஷயம். ஆனா கோர்ட் வரைக்கும் போகாம, நல்லா இருக்கும்போதே இந்த நாலு வேலையைச் செஞ்சுடுங்க:

1. பேர்: அடுத்து வாங்குற சொத்தையாவது ரெண்டு பேர் பேர்லயும் பதிவு பண்ணுங்க.

2. பாதை: சொத்துக்குப் போற பணம் ஜாயின்ட் அக்கவுன்ட் வழியா போகட்டும். நகை வித்துப் போட்டீங்கன்னா அந்த ரசீதையும், பணம் பேங்க்ல ஏறின பதிவையும் பத்திரமா வைங்க.

3. பங்கு: ஒருத்தர் வருமானம் முழுக்க மளிகைக்கும், இன்னொருத்தர் வருமானம் முழுக்கச் சொத்துக்கும் போகக் கூடாது. செலவையும் சேமிப்பையும் ரெண்டு பேரும் பகிர்ந்துக்குங்க.

4. முதுமை: தொழில்ல உழைக்குற மனைவி பேர்ல மாசாமாசம் ஒரு தொகை பிபிஎஃப்லயோ என்பிஎஸ்லயோ போகட்டும். சம்பளமா போடறதா இருந்தா, வரி யார் கணக்குல வரும்னு ஆடிட்டர்கிட்ட முதல்ல கேட்டுக்குங்க.

இது கணவர் மேல சந்தேகப்படுற விஷயம் இல்லைங்க. கடன், விபத்து, திடீர் மரணம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினைன்னு எது வந்தாலும் உங்க உழைப்புக்குச் சாட்சி சொல்லப்போறது அந்தக் காகிதம்தான்.

வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பத்திரம், பாஸ்புக், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் மேஜையில வைங்க. ஒவ்வொண்ணுலயும் யார் பேர் இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. ஒரே பேரே திரும்பத் திரும்ப வருதுன்னா, எதை முதல்ல மாத்தலாம்னு அன்னைக்கே ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க.