வான்நோக்கு மாலைக்கு நாள் குறிக்கும்போது

கல்லாவிப் பள்ளி மைதானத்தில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வானம் காட்ட நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது தொலைநோக்கியை அல்ல, நாட்காட்டியை. பௌர்ணமியைத்தான் பலரும் தேர்ந்தெடுப்பார்கள். அன்று சூரிய ஒளி நிலவின் மேல் நேராக விழுவதால் பள்ளங்களின் நிழல் தெரியாது. அந்த வெளிச்சத்தில் மங்கலான விண்மீன்களும் மறைந்துவிடும். வளர்பிறை அரைநிலவோ சூரியன் மறையும்போதே உச்சிக்கு அருகில் நிற்கும். அதன் ஒளி விளிம்பில் பள்ளங்கள் துலக்கமாகத் தெரியும். அஷ்டமி ஆகாது என்பவர்களுக்குச் சஷ்டியோ சப்தமியோ போதும். இரவாகிவிடும் என்ற தாய்மாரின் கவலை நியாயமானதே. ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் வீடு திரும்பலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் பிப்ரவரி நல்ல மாதம். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றையும் வெறும் கண்ணாலேயே காட்டலாம். அந்தப் பெயர்கள் பாட்டிமாருக்கு முன்பே தெரியும், அவர்களையே பேசச் சொல்லுங்கள்.

கருவி இல்லாமல் என்ன பயன் என்று கேட்கலாம். பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரின் ஜவ்வாது மலையில், காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி 1977-இல் யுரேனஸ் வளையங்களைப் பதிவுசெய்தது உண்மைதான். ஆனால் அங்கும் இடத்தேர்வில் முக்கியமாக இருந்தது இருட்டு. எனவே மைதான விளக்குகளை அணைக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இருட்டுக்குக் கண் பழக அரைமணி ஆகும். பூச்சி, பாம்பு பயத்துக்கு டார்ச் தேவை; அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். 10×50 பைனாகுலரைச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் நிலவின் பள்ளங்கள் தெரியும். வியாழன் வானிலிருந்தால் கலிலியோ 1610-இல் கண்ட அதன் துணைக்கோள்களும் தெரியும்.