எண்கும் கரடியும்: பெயர் மாற்றமும் பெயர்விலக்குக் கொள்கையும்

தமிழ் கரடிக்குப் பழம்பெயராகக் கொண்டிருந்தது ‘எண்கு’ என்பதாகும். இன்று அச்சொல் பேச்சு வழக்கில் இல்லை. கரடி வாழும் மலைகளை எல்லையாகக் கொண்ட நாஞ்சில் நாட்டிலும் அதன் பெயர் ‘கரடி’ என்பதே. மேற்கே மலையாளத்திலும் அதுவே. ஒரு விலங்கு அழியாதிருக்க அதன் பெயர் மட்டும் அழிந்ததேன் என்பது இக்கட்டுரையின் வினா. ஐரோப்பிய மொழியியல் இதனையொத்த வினாவுக்குத் தந்துள்ள விடை தமிழுக்குப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஸ்பானிய மொழியில் கரடி ‘ஓசோ’, பெண்கரடி ‘ஓசா’, குட்டி ‘ஓசேஸ்னோ’ எனப்படும். ‘ஓசோ’ இலத்தீன் ‘ஊர்சுஸ்’ என்பதன் வழிவந்தது. கிரேக்க ‘ஆர்க்டோஸ்’, வடமொழி ‘ருக்ஷ’ ஆகியனவும் அதே இந்தோ-ஐரோப்பிய மூலத்தன. ஆனால் வடக்கே சென்றால் இம்மூலம் மறைந்துவிடுகிறது. ரஷ்ய மொழி ‘மெத்வேத்’ (தேனுண்ணி) என்கிறது. ஆங்கில, ஜெர்மானியப் பெயர்கள் ‘பழுப்பு நிறத்தது’ என்னும் பொருளின என்பது நெடுநாளைய கருத்து. அஞ்சத்தக்க விலங்கின் பெயரை உரைத்தால் அது வந்துவிடும் என்ற நம்பிக்கையால் பழம்பெயர் விலக்கப்பட்டது என்று அந்துவான் மெய்யே 1906-இல் விளக்கினார். தெற்கே ‘ஓசோ’ தப்பிப் பிழைத்தது. வடக்கே பழம்பெயர் மடிந்தது.

திராவிட மொழிகளிலும் இத்தகைய பிளவு ஒன்று உண்டு. இங்குத் திசை மாறியுள்ளது. ‘எண்கு’ என்பதன் இனச்சொல் தெலுங்கில் ‘எலுகு’ என இன்றும் வழங்குகிறது. ‘எலுகுபண்டி’ அங்கு அன்றாடச் சொல். தமிழ், மலையாளம், கன்னடம் ஆகிய மூன்றும் ‘கரடி’ என்னும் வடிவை ஏற்றுள்ளன. இதனைக் ‘கரடு’ என்பதனோடு தொடர்புபடுத்தினால் ‘கரடான மயிருடையது’ என்ற காரணப்பெயர் கிடைக்கும். பழம்பெயர் போய்க் காரணப்பெயர் வந்தது. எனவே இதுவும் பெயர்விலக்கே என முடிவு கட்டுவது எளிது. அம்முடிவு ஏற்கத்தக்கதன்று என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

பெயர்விலக்குக்குச் சான்றாகக் காட்டத்தக்க சங்கப் பாடல் ஒன்று உண்டு. பெருங்குன்றூர் கிழார் பாடிய அகநானூற்று 8-ஆம் பாடலில், நள்ளிரவில் ஈரப் புற்றைப் பறித்துப் புற்றாஞ்சோறு தேடும் கரடியின் உகிர் பட்டுப் புற்றிலிருந்த பாம்பு வலியழிகிறது. அக்கரடிக்குப் பெயரே இல்லை. பெருங்கையுடைய ‘ஏற்றை’ என்பதோடு புலவர் நின்றுவிடுகிறார். கரடி என்பது உரையால் பெறப்படுவது. இரவு, காடு, பெயர் சொல்லப்படாத விலங்கு என மெய்யேயின் கொள்கைக்கு வேண்டிய அனைத்தும் இங்கு இருப்பதாகத் தோன்றும்.

ஆயின் அப்பாடலை முழுமையாகப் படித்தால் இத்தோற்றம் நிலைப்பதில்லை. பன்றியைக் கொன்று இழுத்துச் செல்லும் புலியும் அதில் ‘ஏற்றை’ என்றே சுட்டப்படுகிறது. அஞ்சத்தக்க யானையோ களிறு, பிடி என வெளிப்படையாகவே வருகிறது. ஆற்றல் மிக்க ஆண்விலங்கு எதற்கும் ‘ஏற்றை’ என்னும் சொல் உரியது என்பது தொல்காப்பிய மரபியல் விதி. ஆகவே அங்கு நிகழ்ந்தது மரபுப்பெயர் ஆட்சியே. அச்சத்தால் நேர்ந்த மறைப்பன்று. மேலும், அதே அகநானூற்றில் மாமூலனாரின் 15-ஆம் பாடல், இருப்பைப் பூவையும் கொன்றைப் பழத்தையும் தின்று திரியும் கூட்டத்தை ‘எண்கு’ என்றே கூறுகிறது. ஆலம்பேரி சாத்தனாரின் 81-ஆம் பாடல் ‘உளியம்’ என்கிறது. பின்னர்க் கம்பரும் சாம்பவானை எண்கின் தலைவனாகத் தயக்கமின்றிப் பாடினார். தவிர்க்கப்பட்ட பெயருக்கு இத்துணை நீண்ட வெளிப்படையான ஆட்சி வாய்ப்பது அரிது.

தமிழில் பெயர்விலக்கே இல்லை என்று இதற்குப் பொருளன்று. நாகம் ‘நல்ல பாம்பு’ ஆனதும், கொப்புள நோய் ‘அம்மை’ ஆனதும் அதன் விளைவுகளே. இவற்றில் இன்சொல்லோ உறவுச்சொல்லோ இருக்கிறது. ‘கரடி’யில் அத்தகைய பணிவு எதுவுமில்லை. ‘தேனுண்ணி’யிலும் பணிவு இல்லையே எனக் கேட்கலாம், அவ்வினா நேரியதே. அதனால்தான் சொற்பொருளை மட்டும் கொண்டு விலக்கை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. தவிர்ப்பு நிகழ்ந்தமைக்குத் தனிச்சான்று வேண்டும். நிகண்டுகள் தரும் ‘குடாவடி’ (வளைந்த அடியுடையது) என்பதும் காரணப்பெயரே. அது எண்கை விலக்கவில்லை; நிகண்டோடு நின்றுவிட்டது. ‘பல்லூகம்’ வடமொழி ‘பல்லூக’ என்பதன் வரவு.

காரணப்பெயர்களுக்கு அச்சத்தைவிடக் கூர்ந்த நோக்கே அடிப்படையாதல் கூடும். அகம் 81-இல் புற்றைப் பெயர்த்து இரைதேரும் கரடிக்குக் கொல்லனின் உலைத்துருத்தி உவமையாகிறது. நம் நாட்டுக் கரடிக்கு மேல்வாயின் நடு முன்பற்கள் இரண்டு இல்லை. அவ்விடைவெளியாலும் நீண்ட உதட்டாலும் அது மண்ணை ஊதித் தள்ளிக் கறையானை உறிஞ்சும். ஸ்பானியர் இவ்விலங்கை ‘ஓசோ பெசூதோ’, அதாவது தடித்த உதட்டுக் கரடி என்கின்றனர். சாத்தனார் கேட்ட ஓசைக்குக் காரணமான உறுப்பையே அப்பெயர் சுட்டுகிறது. ஆங்கிலப் பெயரோ ஒரு பிழையின் எச்சம்: 1791-இல் ஜார்ஜ் ஷா இதனைத் தென் அமெரிக்கத் தேவாங்கு போன்ற மந்த விலங்கின் இனமென மயங்கினார். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் ‘சோம்பற் கரடி’ என்பது அப்பிழையைத் தமிழுக்கும் கொணர்வதாகும்.

எண்கு மறைந்தது எப்போது என்பதற்கு ஊர்ப்பெயர்கள் துணைசெய்யலாம். மதுரைப் பகுதியின் கரடிக்கல், கரடிப்பட்டி, ஈழத்தின் கரடியனாறு, கரடிப்போக்கு ஆகிய அனைத்தும் புதிய சொல்லையே கொண்டுள்ளன. கன்னியாகுமரி மாவட்ட மலையோரப் பொற்றைகள், ஓடைகள், விளைகள் ஆகியவற்றின் பெயர்களைப் பழைய நில ஆவணங்களிலும் காணிக்காரர் வழக்கிலும் தொகுத்து, ‘எண்கு’, ‘எலு’ என்னும் வடிவங்கள் எஞ்சியுள்ளனவா எனத் தேடுவது அடுத்த பணி. காட்டினுள் கரடியின் பெயரைக் கூறாது தவிர்க்கும் வழக்கம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டறிதல் வேண்டும். உண்டெனின், மேற்கண்ட துணிபு திருத்தத்திற்குரியது.