நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஜன்னல் காட்டாதவை

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டருக்குள் வந்துவிடும். அந்த இடத்தில் அகன்ற கோண லென்ஸ்தான் கைகொடுக்கும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் 35 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் மாட்டிக்கொண்டு இங்கே வருபவர்களிடம் சில நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. பெரும்பாலும் எஸ்.எல்.ஆர். கேமராவில் பழகியதால் வந்தவை. எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. லென்ஸ் என்ன செய்கிறது, அதன் முகப்பில் என்ன மாட்டியிருக்கிறது என்று அந்த ஜன்னலுக்குத் தெரியாது. குழப்பங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

"அகன்ற லென்ஸுக்கு ஃபோகஸ் தேவையில்லை, எல்லாம் தெளிவாக விழும்" என்பது முதல் நம்பிக்கை. எஃப்/8-இல் இது ஏறக்குறைய உண்மை. 28 மி.மீ. லென்ஸை 3.3 மீட்டரில் நிறுத்தினால் 1.6 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவு கிடைக்கும். சுழலும் பரிசலில் இப்படி முன்கூட்டியே நிறுத்தி வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் எஃப்/1.4-இல் கணக்கே வேறு. 35 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் தொலைவில் கிடைக்கும் தெளிவின் ஆழம் மொத்தம் 27 செ.மீ. ஒரு மீட்டரில் ஆறரை செ.மீ. பல லென்ஸ்களின் குறைந்தபட்சத் தொலைவான 0.7 மீட்டரில் 3 செ.மீ. சொச்சம்தான். மூக்கு நுனி தெளிவாகவும் கண் மங்கலாகவும் விழ அது போதும்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: வேகமான அகன்ற லென்ஸை ரேஞ்ச்ஃபைண்டரால் துல்லியமாக ஃபோகஸ் செய்ய முடியாது என்பது. உண்மையில் இந்தக் கேமராவின் பலமே அங்கேதான் இருக்கிறது. நாம் பார்க்கும் ஜன்னலுக்கும், இரண்டாவது பிம்பத்தைத் தரும் சிறு ஜன்னலுக்கும் உள்ள இடைவெளியும் வியூஃபைண்டரின் உருப்பெருக்கமும் சேர்ந்துதான் அதன் துல்லியத்தைத் தீர்மானிக்கின்றன. மாட்டியிருக்கும் லென்ஸுக்கு அதில் பங்கில்லை. 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் இந்தப் பெருக்குத்தொகை சுமார் 63 மி.மீ. 0.72 உருப்பெருக்கம் கொண்ட எம்6-இல் 50 மி.மீ. 90 மி.மீ. எஃப்/2 லென்ஸ் கேட்கும் துல்லியத்தில் கால் பங்குகூட 35 மி.மீ. எஃப்/1.4 கேட்பதில்லை. எஸ்.எல்.ஆர். திரையில் அகன்ற லென்ஸின் பிம்பம் சிறுத்து, தெளிவும் மங்கலும் பிரித்தறிய முடியாமல் போகும். ரேஞ்ச்ஃபைண்டரின் இரட்டைப் பிம்பத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 1950 ஏப்ரலில், பக்கத்துத் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்த புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் கையில் வைத்திருந்ததும் லைக்காதான்.

அப்படியானால் படம் ஏன் மங்குகிறது? இரண்டு காரணங்கள், இரண்டும் ஜன்னலில் தெரியாதவை. ஒன்று, ஃபோகஸ் செய்த பிறகு கேமராவைத் திருப்புவது. ரேஞ்ச்ஃபைண்டரின் ஃபோகஸ் கட்டம் நடுவில் மட்டுமே இருப்பதால் முகத்தை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, ஓரத்துக்குத் தள்ளிப் படமெடுக்கிறோம். 1.5 மீட்டரில் இருக்கும் முகத்துக்கு ஃபோகஸ் வைத்து 20 டிகிரி திருப்பினால், தெளிவான தளம் முகத்துக்கு 9 செ.மீ. பின்னால் போய்விடும். எஃப்/1.4-இல் முன்பக்கம் நமக்கு இருக்கும் இடம் 7 செ.மீ. மட்டுமே. நீண்ட லென்ஸில் இவ்வளவு திருப்பவே இடமிருக்காது. இது அகன்ற லென்ஸுக்கே உரிய சிக்கல். திருப்பிய பின் உடம்பை ஒரு சாண் அளவுக்குள் பின்னால் சாய்த்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. அப்பர்ச்சரைச் சுருக்கும்போது சில வேகமான லென்ஸ்களில் ஃபோகஸே பின்னால் நகரும். எஃப்/1.4-இல் கச்சிதமாக விழுந்த கண், எஃப்/2.8-இல் மங்கி, காது தெளிவாகும். கேமரா பழுது என்று மெக்கானிக்கிடம் ஓடுபவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். லைக்காவின் 35 மி.மீ. சம்மிலக்ஸ் ஆஸ்ஃபெரிக்கல் லென்ஸில் இந்தப் புகார் இருந்தது; 2010-இல் மிதக்கும் கண்ணாடித் தொகுதியோடு வந்த புதிய வடிவம் அதைப் பெருமளவு குறைத்தது. எஃப்/8-க்குப் போனால் தெளிவின் ஆழமே அதை விழுங்கிவிடும்.

இனி ஃபில்டர். "முன்னால் ஃபில்டர் போட்டால் ஃபோகஸ் மாறும்" என்ற பயம் தேவையற்றது. 2 மி.மீ. தட்டைக் கண்ணாடி, பொருளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர்த்திக் காட்டும். அதே கண்ணாடி லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில் இருந்தால்தான் ஆபத்து.

எக்ஸ்போஷர் விஷயத்தில் பயம் வேண்டும். சிவப்பு ஃபில்டர் மூன்று ஸ்டாப் ஒளியைத் தின்னும், மஞ்சள் ஒரு ஸ்டாப். ஜன்னலில் காட்சி பளிச்சென்றே இருக்கும், எம்3 போன்ற மீட்டர் இல்லாத கேமரா எச்சரிக்கவும் செய்யாது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளை மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தவர்கள் இந்தக் கணக்கை மனதிலேயே போட்டார்கள்.

போலரைசரை ரேஞ்ச்ஃபைண்டரில் பயன்படுத்தவே முடியாது என்பதும் பொய். ஃபில்டரைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துச் சுழற்றுங்கள். ஒகேனக்கல்லின் ஈரப் பாறையில் பளபளப்பு அடங்கும் நிலை வந்ததும் வளையத்தில் மேலே நிற்கும் குறியைப் பாருங்கள். லென்ஸில் மாட்டி அதே குறியை மேலே கொண்டுவாருங்கள். நீர்மட்டத்திலிருந்து 37 டிகிரி அளவில் பார்க்கும்போது பலன் அதிகம். வானத்தைச் சேர்க்காதீர்கள். 21 மி.மீ. லென்ஸ் 80 டிகிரி அகலத்தை அள்ளும். சூரியனுக்குச் செங்குத்தான பகுதி மட்டும் கறுத்து, நடு வானில் திட்டு விழும்.

"வேகமான லென்ஸ் இருட்டுக்குத்தான்" என்பவர்கள் தருமபுரியின் உச்சி வெயிலில் எஃப்/1.4-ஐத் திறப்பதில்லை. ஐ.எஸ்.ஓ. 100-இல் அதற்கு 1/12,800 நொடி வேண்டும்; எம்3-இன் உச்சம் 1/1000. ஒளியைப் பதினாறில் ஒன்றாகக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டால் எடுக்கலாம்.

பாதுகாப்புக்கென்று எப்போதும் யு.வி. ஃபில்டர் போடும் பழக்கம், அருவிச் சாரலில் நியாயமானது. கார்த்திகை தீபத்தன்று அதைக் கழற்றிவிடுங்கள். தட்டைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, ஒவ்வொரு சுடருக்கும் எதிர்மூலையில் தலைகீழாக ஒரு பொய்ச் சுடரை வைக்கும். ஜன்னலில் அது தெரியாது.

ஃபில்டர் கட்டாயமான கேமராவும் ஒன்று உண்டு. 2006-இல் வந்த லைக்கா எம்8-இல் அகச்சிவப்புத் தடுப்பு போதாமல், கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் கத்தரிப்பூ நிறத்தில் விழுந்தன. லென்ஸ் முன் தடுப்பு ஃபில்டர் போடச் சொன்னது லைக்கா. போட்டால் அகன்ற லென்ஸ்களில் ஓரங்கள் நீலப்பச்சையாகின. அதைத் திருத்த லென்ஸில் ஆறு புள்ளிக் குறியீடு தேவைப்பட்டது.

கடைசியாக, இந்த மாவட்டத்தின் நடுகற்கள். சிவப்பு ஃபில்டர் போட்டால் எழுத்து எழும்பி நிற்கும் என்பார்கள். சாம்பல் நிறக் கல்லில் நிற வேறுபாடே கிடையாது, ஃபில்டர் எதைப் பிரிக்கும்? எழுத்தைக் காட்டுவது பக்கவாட்டு வெயிலின் நிழல். வழிபாட்டில் இருக்கும் கல்லில் குங்குமம் பூசியிருந்தால் சிவப்பு ஃபில்டர் அதை வெளிறச் செய்துவிடும். பச்சை ஃபில்டர் கறுப்பாகக் காட்டும். வெயில் சாய்ந்திருக்கும் காலையில் போய், எஃப்/8 வைத்து, கேமராவைக் கல்லுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள்.