ஆறிய குடற்புண் மீண்டும் வருவது ஏன்?

மணிமுத்தாற்றிலிருந்தும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தும் வயிற்றுவலியோடு எங்களிடம் வருவோரில் பலர், "பழைய அல்சர்தான் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே அமர்வார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சில வாரங்கள் உட்கொள்வார்கள், வலி நீங்கும். நடவோ அறுப்போ தொடங்கியதும் மருந்து மறந்துபோகும். சில மாதங்களில் அதே நள்ளிரவு வேளையில் அதே வலி திரும்பும். ஆறிய புண் ஏன் மீண்டும் வருகிறது?

இந்நோய் நம் தென்கோடிக்குப் புதிதன்று. 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டுகள் பணியாற்றினார். அங்கு அவர் குடற்புண்ணுக்காகச் செய்த அறுவைகள் ஏராளம். இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் புதுவழி அமைப்பதே அன்றைய பெருஞ்சிகிச்சை. காரமும் கவலையும் அமிலமுமே காரணம் என்று மருத்துவ உலகம் அதன்பின்னும் நெடுங்காலம் நம்பியது.

அந்நம்பிக்கையை மாற்றியவர்கள், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர். நோயாளிகளின் இரைப்பைத் திசுவில் சுருள்வடிவக் கிருமிகளை வாரன் கண்டார். அவற்றை ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சி பலமுறை தோற்றது. 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தினும் கூடுதலான நாள்கள் இருந்துவிட, கிருமி முளைத்திருந்தது. மெல்ல வளரும் உயிருக்கு முன்பு போதிய நாள் தரப்படவில்லை, பிழை அவ்வளவே. 1984-இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீர்மத்தைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். (யாரும் பின்பற்றத்தக்க வழியன்று!) 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெலிகோபாக்டர் பைலோரி எனப்படும் இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே உடலுக்குள் புகுகிறது. தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தைத் தணித்துக்கொண்டு, இரைப்பையின் சளிப்படலத்துக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. அமில மாத்திரை புண்ணை ஆற்றும், கிருமியை அகற்றாது. ஆகவே அம்மாத்திரையோடு நிறுத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் புண் திரும்பிவிடுகிறது. கிருமியை ஒழித்தவர்களில் மிகச் சிலருக்கே அவ்வாறு நேர்கிறது.

ஒழிக்கும் சிகிச்சை பெரும்பாலும் 14 நாள்கள். அமில மாத்திரையுடன் அமாக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் போன்ற கிருமிக்கொல்லிகளுள் இரண்டையேனும் சேர்த்துத் தருவோம். சிலருக்கு பிஸ்மத்தும் உண்டு. நாளொன்றுக்குப் பல மாத்திரைகள், வாயில் உலோகக் கசப்பு, சிலருக்கு வயிற்றுப்போக்கு. ஐந்தாம் நாளில் வலி அடங்கியதும் பலர் நிறுத்திவிடுகின்றனர். எங்களுக்கு மிகுந்த கவலை தருவது இதுவே. பாதியில் விட்டால் எஞ்சிய கிருமி அம்மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அடுத்த முறை அதே மருந்து பயன்படாது. பக்கவிளைவு தாங்கவில்லையெனில் நிறுத்துமுன் எங்களிடம் வாருங்கள், மாற்றித் தருகிறோம். மெட்ரோனிடசோல் உட்கொள்ளும் நாள்களில் மது கூடவே கூடாது. பென்சிலின் ஒவ்வாமை இருப்பின் முதலிலேயே சொல்லுங்கள். பிஸ்மத் மலத்தைக் கருக்கச் செய்யும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மலம் தார்போல் கருத்துப் பிசுபிசுத்து, தலைச்சுற்றலும் சேர்ந்தால் அது புண்ணிலிருந்து கசியும் இரத்தமாகலாம். பிஸ்மத் உட்கொள்பவராயினும் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மூச்சுப் பரிசோதனையாலோ மலப் பரிசோதனையாலோ அறியலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். கிருமி அழிந்த பின்னும் இரத்தத்தில் அதன் அடையாளம் நெடுநாள் தங்கும். எனவே இரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. வலியே இல்லாதபோது ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறி வருவது வீண்செலவாகத் தோன்றும் என்பதை அறிவோம். எனினும் வலி நின்றதைக் கொண்டு கிருமி போனதென்று கூற இயலாது.

கிருமி ஒழிந்தபின்னும் புண் வர ஒரு வழியுண்டு. மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் தாமே இரைப்பையைப் புண்ணாக்கும். இதயநோய்க்கு ஆஸ்பிரின் உட்கொள்வோர் தாமாக நிறுத்தலாகாது. எங்களிடம் சொன்னால் போதும். அடுத்த முறை வரும்போது பழைய எண்டோஸ்கோபி அறிக்கையோடு, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.