கொலையாளியை ஒளித்து வைக்காதீர்கள்

திரில்லர் குறும்படம் எடுக்கக் கிளம்பும் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து இளைஞர்கள் கதை சொல்ல உட்கார்ந்தால் முதலில் வருவது கிளைமாக்ஸ் ட்விஸ்ட்தான். கொலையாளி யார் என்பதைக் கடைசிவரை மறைத்துவிட்டால் போதும் என்று நம்புகிறார்கள். போதாது. ட்விஸ்ட் ஒரு நொடி அதிரவைக்கும். அதுவரை ஆளை எழுந்துபோகாமல் உட்காரவைக்க வேண்டியது பதைப்பு.

ஏ.எம்.ஆர். ரமேஷ் 2006-இல் கன்னடத்தில் எடுத்த ‘சயனைட்’, தமிழில் ‘குப்பி’. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின், அதை நடத்திய சிவராசன் குழு பெங்களூருவில் பதுங்கியிருந்த கடைசி நாட்கள்தான் கதை. முடிவு ஊரறிந்தது. பூந்தமல்லிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கம்: கொலை நடந்த ஸ்ரீபெரும்புதூர் அவர்கள் ஊர் வழியே போகும் அதே நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை என்று 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்பானதும் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில்தான். (மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது.) இவ்வளவு தெரிந்தும் படம் நம்மை விடவில்லை. வந்து தங்கியிருப்பவர்கள் யாரென்று தெரிந்துபோன வீட்டுக்காரப் பெண்ணின் பயம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது. கமாண்டோக்கள் வீட்டைச் சூழ்ந்த பிறகும் உள்ளே போகாமல் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் திரில்லர்.

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்த ஒருவர் ஆவடிக்கு மின்சார ரயில் ஏறுகிறார். கூட்டத்தில் யாரோ அவர் சாப்பாட்டுப் பைக்குள் துப்பாக்கியைப் போடுவதை முதலிலேயே நமக்குக் காட்டிவிடுங்கள். அவருக்குத் தெரியக் கூடாது. எதிரே ரயில்வே போலீஸ்காரர் வந்து உட்காரட்டும். தண்ணீர் பாட்டிலுக்காகப் பைக்குள் கை போகட்டும். போன் அடிக்க, கை வெளியே வரட்டும். திருமுல்லைவாயில் போயிற்று, அன்னனூர் போயிற்று, அடுத்தது ஆவடி. பின்னணி இசையே வேண்டாம், தண்டவாளச் சத்தம் போதும். எடிட்டரிடம் அடித்துச் சொல்லுங்கள்: இந்த இடத்தில் வேகமாக வெட்டக் கூடாது.

அதற்கு முன் அந்த மனிதரை நமக்குப் பிடித்திருக்க வேண்டும். ‘கைதி’யில் (2019) இரவு முழுக்கச் சண்டைதான், நாம் தவிப்பது நாயகன் டில்லி தன் மகளைப் பார்த்துவிட வேண்டுமே என்றுதான்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் நண்பர் ஒருவரிடம் கொலையாளியின் பெயரை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, மீதிக் கதையைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் செல்போனைக் கையில் எடுக்கிறாரோ, அந்தக் காட்சியைத் திருத்தி எழுதுங்கள்.