பல்லுக்கொழுக்கட்டைக்கு அடுத்த நாள்



வேலணையில் பிள்ளையின் கீழ் முரசில் வெள்ளையாக ஒரு பல் தெரிந்துவிட்டால் பல்லுக்கொழுக்கட்டை அவிப்போம். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்தி, பிள்ளையின் தலையில் துணி விரித்துக் கொட்டுவோம். முன்னால் வைத்த புத்தகத்தை எடுக்குமா, காசை எடுக்குமா என்று பார்த்து மகிழ்வோம். 1990 இல் தீவகத்தை விட்டு வெளியேறியபோதும், 2006 இல் அல்லைப்பிட்டியை விட்டு ஓடியபோதும் வீட்டையும் தோட்டத்தையும் விட்டோம். இந்த வழக்கத்தைப் போன இடமெல்லாம் கொண்டு போனோம்.

ஆனால் கொழுக்கட்டை கொட்டிய அடுத்த நாள் அந்தப் பல்லைத் துடைக்கிறோமா? 'விழப்போகிற பல்தானே' என்று விட்டுவிடுகிறோம். இப்பாடத்தில் இதைச் சிந்திப்போம்.

விழப்போகிற பல் ஏன் வேண்டும்?

முதற்பல் பெரும்பாலும் ஆறு மாதமளவில் வரும். சில பிள்ளைகளுக்கு ஒரு வயதும் ஆகலாம். ஏறத்தாழ மூன்று வயதில் 20 பாற்பற்களும் வந்துவிடும். முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும். கடைவாய்ப் பாற்பற்களோ 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியவை. அவற்றின் அடியில் நிலைப்பற்கள் வளர்கின்றன. பாற்பல் அவற்றுக்கு இடம் பிடித்து வைக்கிறது. அது நேரத்துக்கு முன் போனால் பக்கத்துப் பற்கள் சரிந்து இடத்தை அடைத்துவிடும். பல் வலிக்கிற பிள்ளை சாப்பிடாது, உறங்காது; நிறையும் ஏறாது.

சூத்தை எப்படி வருகிறது?

வாயில் வாழும் கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. ஊரில் வீட்டு மாட்டுப்பாலும் தோட்டத்துப் பழமும் இருந்தன. இடம்பெயர்ந்த இடத்தில் பால்மாவும் சீனித் தேநீரும் பிஸ்கற்றுமே கைக்கு எட்டுகின்றன. நெருக்கமான குடியிருப்பில் பிள்ளை இரவில் அழுதால் அயலவருக்கு இடைஞ்சல் என்று, சீனி போட்ட பால் போத்தலை வாயில் வைத்து உறங்க விடுகிறோம். உறக்கத்தில் உமிழ்நீர் குறையும். பால் பல்லில் தேங்கி நிற்கும். மேல் முன்பற்களே முதலில் பழுதாகும். சூப்பியில் பனங்கட்டிப் பாணியோ தேனோ தடவினாலும் இதே கேடுதான். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது உயிருக்கும் ஆபத்து.

நாம் செய்யக்கூடியவை

1. முதற்பல் தெரிந்த நாளிலிருந்தே காலையிலும் இரவு உறங்குமுன்பும் பல்லைச் சுத்தம் செய்வோம். மென்மையான சிறு பிரஷில் புளோரைட் உள்ள பற்பசையை அரிசிமணி அளவு மட்டும் பூசுவோம். பிரஷ் கிடைக்கும்வரை, கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான துணி உதவும். கிணறு உவராக இருந்தாலும், ஒரு சிரட்டை நல்ல தண்ணீர் இதற்குப் போதும்.

2. உமிக்கரி, சாம்பல் வேண்டாம். அவை பல்லைத் தேய்க்கும்.

3. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம். போத்தலை ஒரு வயதளவில் விட்டுக் கோப்பைக்குப் பழக்குவோம்.

4. பாலில் சீனி சேர்க்காதிருப்போம். இனிப்பைச் சாப்பாட்டு நேரத்தோடு நிறுத்துவோம்.

5. மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பார்ப்போம். முரசோரம் சுண்ணாம்புபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவே சூத்தையின் தொடக்கம். அப்போதே போனால் பல்லைக் காப்பாற்றலாம். அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் கட்டணம் இல்லை. எங்கே போவதென்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை

'பல் முளைக்கிறது, அதுதான் வயிற்றோட்டம்' என்று காத்திருக்காதீர்கள். பல் முளைத்தால் முரசு கடுக்கும், எச்சில் வடியும். கடுங்காய்ச்சலும் வயிற்றோட்டமும் பல்லால் வருவதில்லை. தவழுகிற பிள்ளை கண்டதையெல்லாம் வாயில் வைக்கிற வயதும் அதுவே. கிருமி அப்படித்தான் உள்ளே போகிறது. ஜீவனியைப் பொதியில் எழுதியுள்ளபடி கொதித்தாறிய நீரில் கரைத்துப் பருக்குங்கள், தாய்ப்பாலும் கொடுங்கள். பிள்ளை சோர்ந்தாலோ, கண் குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. நம் வீட்டில் பிள்ளை ஒரு நாளில் எத்தனை தடவை சீனி சேர்ந்ததை உண்கிறது, குடிக்கிறது?

2. இரவில் போத்தல் இல்லாமல் பிள்ளையை உறங்கவைக்க நம் அம்மம்மாமார் என்ன செய்தார்கள்?

3. அடுத்த பல்லுக்கொழுக்கட்டைக்குப் போகும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு சிறு பிரஷையும் கொண்டுபோனால் என்ன?